மேல்மாடியில் குதிக்கிறவள்

“இன்னும் ஒண்ணே ஒண்ணு! அழகா! சிரிச்சுகிட்டே!” என்று கைபேசிக்குள் உடற்பயிற்சி சொல்லித்தரும் ஒல்லிப்பெண் கத்துவாள். “நீ சிரிடி. ஒனக்கென்ன, எலும்ப மட்டும்தானே தூக்கணும்” என்று மேல்வீட்டு ஏரான் பதில் சொல்வாள். சொல்லிவிட்டுக் குதிப்பாள். கீழே என் கூடத்து விளக்கு ஊஞ்சல் போல ஆடும். மறுபடி அந்த ஒல்லிப்பெண், “சூப்பர்! நீங்க கலக்கறீங்க!” என்பாள். “நீ என்னப் பாத்தியா? பாக்காம எப்படிச் சொல்ற? பொய்க்காரி.” மறுபடி ஒரு குதி. அடுக்களையில் பாத்திரம் ஒன்று தானாக நகரும்.

அவள் நாலாம் மாடி, நான் மூன்றாம் மாடி. துறைமுகத்துக்கு மேலே, யோங்தோ மேட்டில் இருக்கிற பழைய கட்டடம் எங்களுடையது. லிஃப்ட் கிடையாது. சுவர் மெல்லிசு, தளம் அதைவிட மெல்லிசு. குழந்தைகள் விளையாடுகிற தடித்த பஞ்சு மெத்தைகளை அவள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறாள். அப்படியும் அவள் எந்தக் காலை முதலில் ஊன்றுகிறாள் என்பதைப் படுத்தபடியே சொல்லிவிடுவேன். இடது கால்.

நாற்பதைத் தாண்டியவள். உருண்டை முகம், உருண்டைத் தோள், உருண்டை விரல். கணுக்கால் மட்டும் வேறு யாரிடமோ கடன் வாங்கியதுபோல மெல்லிசாக இருக்கும். கணவன் சூரைமீன் பிடிக்கிற கப்பலில் போகிறவன். வருஷத்தில் பாதிக்குமேல் கடலில்தான். மேட்டின் அடியில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஏரான் ஒரு தொடுகறிக் கடை வைத்திருக்கிறாள். நெத்திலி வறுவல், சோயாச் சாற்றில் சுண்டவைத்த கறுப்பு மொச்சை, எள்ளெண்ணெய் விட்டுப் பிசைந்த பசலைக்கீரை, மூன்று விதக் கிம்ச்சி. கரண்டியால் கலக்கவே மாட்டாள், கையால்தான். கலந்ததும் ஒரு பிடி தன் வாயில், அடுத்த பிடி எதிரில் நிற்கிறவர் வாயில். “வாயத் தொறங்க” என்பாள். தபால்காரனும் திறப்பான், பள்ளிக்கூட ஆசிரியையும் திறப்பாள். கை அவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டால் வேறு என்னதான் செய்வது?

“நான் சாப்பிடறதே இல்ல பெரியம்மா. சத்தியமா. உப்புதான் பாக்கறேன்” என்று என்னிடம் சொல்வாள். பொய் இல்லை. உட்கார்ந்து ஒரு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அவள் பார்க்கிற உப்பை ஒரு தட்டில் கூட்டி வைத்தால் மூன்று பேர் வயிறாரச் சாப்பிட்டு எழுந்துபோகலாம்.

இளைக்க வேண்டும் என்ற நினைப்பு அவளுக்கு எப்போதும் உண்டு. அந்த நினைப்பு டிவியில் சாமான் விற்கிறவர்களுக்கு எப்படித்தான் தெரியுமோ, அவள் பூண்டு உரிக்க உட்காருகிற நேரம் பார்த்துத்தான் காட்டுவார்கள். “இன்னும் கொஞ்சம்தான் இருக்கு, தீந்துபோச்சுன்னா வராது” என்று அந்த ஆள் சொன்னதும் பூண்டுக் கையோடு போனை எடுத்துவிடுவாள்.

முதலில் வந்தது இடுப்பு வளையம். உள்பக்கம் முழுக்க முண்டு முண்டாக இருக்கும். பழைய பள்ளிக்கூடத் தோழிகள் கூடுகிறார்கள், அதற்குள் இடுப்பு வரவேண்டும் என்றாள். இடுப்பு வரவில்லை, கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போனதுதான் மிச்சம். அதையும் சட்டையைத் தூக்கி எனக்குப் பெருமையாகக் காட்டினாள். “பாருங்க, உள்ள கொழுப்பு ஒடையுது.” வளையம் கீழே விழும்போதெல்லாம் என் தலைக்குள் மணி அடித்தது. கடைசியில் எங்கள் கட்டடத்துக் காவல்காரர் யோம் அதை வாங்கிக்கொண்டு போய்ப் பூசணிக்கொடிக்கு முட்டாகக் கட்டினார். அந்த வருஷம் பூசணி நன்றாகப் பருத்தது.

அப்புறம் நடுங்கும் பலகை. அதன்மேல் ஏறி நின்றால் போதும், உடம்பு தானாகக் குலுங்கிக் கரையுமாம். புருஷன் கரைக்கு வருகிற மாதம் அது. பலகைமேல் நின்றபடியே போனில் என்னோடு பேசுவாள், ஒவ்வொரு சொல்லும் குளிரில் நடுங்கி வருவதுபோல வரும். புருஷன் வந்து அதில் காலை வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினான். அதற்கடுத்தது சைக்கிள். ஒன்றுவிட்ட தம்பியின் கல்யாணத்துக்குப் பட்டுடுப்பு ஏறவேண்டும் என்று வாங்கினாள். கல்யாணம் முடிந்தது, சைக்கிளின் கைப்பிடியிலும் ஆசனத்திலும் முள்ளங்கிக் கீரையைக் காயப்போட்டாள். அவ்வளவு பச்சையாக, அழகாகக் காய்ந்த கீரையை நான் வேறெங்கும் வாங்கியதில்லை. பிறகு வெள்ளி நிறத்தில் ஒரு வியர்வைச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு அவள் மேட்டுப்படியில் இறங்கிவந்தபோது, காகிதம் சுற்றி அடுப்பில் போட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு எழுந்து நடப்பதுபோல இருந்தது. நான் சிரித்தேன். அவளும் நின்று சிரித்தாள். அவள்மேல் கோபப்படுவது கஷ்டம்.

ஒவ்வொரு தடவையும் குளிர்ப்பெட்டிக் கதவில் புதிதாக ஒரு மெல்லிய பெண்ணின் படம் ஒட்டுவாள். “இவ மூஞ்சியப் பாத்தா பெட்டியத் தொறக்க மனசு வராது” என்பாள். ஆனால் பெட்டியின் கைப்பிடி படத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது, அவள் மூஞ்சியைப் பார்க்காமலே திறந்துவிடலாம்.

கைபேசி ஒல்லிப்பெண்ணுக்கு மட்டும் சாமான் ஒன்றும் தேவைப்படவில்லை. தளம் இருந்தால் போதும். அந்தத் தளத்துக்குக் கீழேதான் நான் இருக்கிறேன்.

எங்கள் ஊரில் மேல்வீட்டுக்காரரிடம் போய் நேராகச் சண்டை போடுவது மரியாதை இல்லை. இன்டர்போனில் காவல் அறைக்குச் சொல்ல வேண்டும். காவல்காரர் மேலே கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்வார். நானும் அப்படித்தான் யோமிடம் சொன்னேன். மறுநாளே ஏரான் என் வாசலில் நின்றாள். இடுப்பு மடியக் குனிந்தாள். கையில் ஒரு டப்பா நிறைய நெத்திலி வறுவல். “மன்னிச்சுக்கங்க பெரியம்மா, இனிமே பூனை மாதிரி குதிக்கறேன்.” நான் என்ன செய்வேன்? வறுவலைச் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவினேன். வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் என் வீட்டில் இல்லை. கண்ணாடிச் சேமியாவை மாட்டிறைச்சியும் காளானும் போட்டு எண்ணெய் மினுக்க வதக்கி, மூடி மூடாத அளவுக்கு அடைத்துக் கொடுத்தேன். அதை அவள் சாப்பிட்டாள். சாப்பிட்ட பாவத்துக்கு மறுபடி குதித்தாள். நான் மறுபடி யோமைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை பன்றி விலாக் குழம்பு வந்தது. டப்பா வெங்காயத்தாள் அடையோடு மேலே போனது.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. அவள் குதிக்கக் குதிக்கப் பருத்தாள், நானும் கூடவே கொஞ்சம் பருத்தேன். இதைச் சொல்லி யோம் என்னைக் கேலி செய்தார். “டப்பாவ வெறுமனே குடுத்தா என்னவாம், பெரியம்மா?” என்றார். முடியாது என்றேன். இப்போது கேட்டாலும் முடியாது.

போன இலையுதிர் காலத்தில் கொஞ்ச நாள் மேலே சத்தமே இல்லாமல் இருந்து, திடீரென்று ஒரு காலை ஆரம்பித்தது. இருட்டு பிரியாத நேரம். வழக்கமான குதி இல்லை அது. நிறுத்தாமல், மூச்சு விடாமல், துரத்துகிற நாய்க்குப் பயந்து ஓடுகிறவள் போல. கைபேசிப் பெண்ணோடு சண்டையும் இல்லை. அன்றைக்கு மத்தியானமும் இருந்தது, சாயங்காலமும் இருந்தது. நான் யோமைக் கூப்பிட்டேன்.

அவள் வந்தாள். குனிந்தாள். கையில் ஒன்றுமில்லை.

வெறுங்கையோடு வந்து நிற்கிறாளே என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் பயம் வந்தது. மன்னிப்புக் கேட்க வெறுங்கையோடு வருகிறவள் இல்லை அவள். உள்ளே இழுத்து உட்காரவைத்தேன். “என்னடி?” என்றேன்.

“அக்காவுக்கு ஈரல் போச்சு, பெரியம்மா.”

அவளுடைய அக்கா சோக்ரானை எனக்குத் தெரியும். மீன் சந்தையில் விலாங்கு மீனைத் தோலுரிக்கிறவள். மூங்கில் குச்சி போல உடம்பு. மீனைப் பலகையில் அறைந்து ஒரே இழுப்பில் தோலை உரிக்கிற அதே வேகத்தில்தான் பேச்சும் வரும். தங்கையைப் பார்க்க வரும்போதெல்லாம், “என்னடி, படியில நீ வர்றியா இல்ல பீப்பாய் உருளுதா?” என்றுதான் ஆரம்பிப்பாள். ஒரு சொட்டுக் குடித்தவள் இல்லை. சின்ன வயதில் வந்த காமாலை உள்ளேயே தங்கி, மெல்ல மெல்ல ஈரலைச் சுருக்கிவிட்டிருந்தது. பிள்ளை இல்லை. புருஷனுடையது பொருந்தவில்லை. மிச்சம் இருந்தது தங்கை.

“என்னோடது பொருந்துதாம். வெட்டிக் குடுத்தா எனக்குத் திரும்ப வளந்துருமாம். ஆனா படம் புடிச்சுப் பாத்துட்டு டாக்டர் ஒதட்டப் பிதுக்கிட்டாரு. ஈரல் முழுக்கக் கொழுப்பாம். இப்படியே எடுத்தா அவளுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாதாம். எளைச்சுட்டு வாங்கன்னுட்டாங்க.”

“எளைக்கற வரைக்கும் அவளுக்கு நேரம் இருக்கா?”

“அததான் பெரியம்மா நானும் கேட்டேன். சீக்கிரம் எளைங்கன்னாங்க.”

அவள் கை மேசைமேல் இருந்தது. நெத்திலி வாசனையே இல்லாத கையை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடையைப் பூட்டிவிட்டுக் குதித்திருக்கிறாள். அன்று முழுக்கத் தண்ணீர் மட்டும்தான். அப்படிப் பட்டினி கிடந்தால் ஈரல் இன்னும் கெடும் என்று டாக்டர் சொல்லியிருந்தும் பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான் தோஃபுவை வெறுமனே வேகவைத்து, முட்டைக்கோஸ் இலையில் சுற்றி முன்னால் வைத்தேன். “எண்ண இல்ல, சக்கர இல்ல. தின்னு. தின்னுட்டுக் குதி” என்றேன்.

அன்றிலிருந்து டப்பா மேலே போகும்போது வெள்ளரி, அவித்த பூசணி, முளைகட்டிய பயறு என்று போயிற்று. நிறைந்துதான் போயிற்று.

கடையைத் திறக்காமல் இருக்க முடியாது. ஆனால் உப்புப் பார்க்கக் கூடாது என்று அவளே தனக்குக் கட்டளை போட்டுக்கொண்டாள். முகத்தில் ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு கலந்தாள். ஒரு நாள் கீரை சப்பென்று இருந்தது. மறுநாள் கடல் தண்ணீர். “ஏரானுக்கு நாக்கு செத்துப்போச்சா?” என்று பஸ் நிறுத்தத்தில் பேசிக்கொண்டார்கள். அதனால் நான் போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். அவள் கலப்பாள், பழக்கத்தில் கை தன் வாய்ப்பக்கம் போகும், முகமூடியில் இடிக்கும், திட்டிக்கொண்டே என் வாய்க்குத் திருப்புவாள்.

“உப்பு இருக்கா பெரியம்மா?”

“இன்னும் ஒரு சிட்டிகை.”

“போட்டாச்சே!”

“இன்னும் ஒண்ணு.”

கடையில் உப்பு கூடிப்போயிற்று என்று சிலர் சொல்வது என் காதிலும் விழுகிறது. உப்பு சரியாகத்தான் இருக்கிறது. அவர்கள் நாக்குதான் இனிப்புக்குப் பழகிப் பாழாய்ப்போனது.

குதிப்பும் ஒழுங்குக்கு வந்தது. காலையில் கொஞ்சம், கடை மூடியபின் கொஞ்சம், நடுவே மேட்டுப்படி ஏறி இறங்குவது. கைபேசிப் பெண்ணோடு சண்டையும் திரும்பியது, எனக்கு நிம்மதியாயிற்று. பாலெடுக்க ஒரு நாள் அவள் வீட்டுக் குளிர்ப்பெட்டியைத் திறக்கப்போனேன், கதவில் படம் எதுவும் இல்லை. “எங்கடி உன் ஒல்லிச்சி?” என்றேன். “அவ எதுக்கு இப்ப?” என்றாள்.

இதற்கு நடுவில் யோம் இன்டர்போனில் என்னையே கூப்பிட்டார். ஏரானின் எதிர்வீட்டுக்காரர் புகார் சொல்கிறாராம், நாலாம் மாடியில் சத்தமாம், நான் மூத்தவள் என்பதால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம்.

“அவளுக்கு நேர் கீழ இருக்கறது யாரு?” என்றேன்.

“நீங்கதான், பெரியம்மா.”

“எனக்கே கேக்கல. அவருக்கு எப்படிக் கேட்டுச்சு?”

“போன வருஷம் நீங்கதானே எனக்கு நாள் தவறாம...”

“போன வருஷம் கேட்டுச்சு. இந்த வருஷம் காது மந்தமாயிடுச்சு. எழுதிக்கங்க.”

யோம் நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும், “எழுதிக்கறேன், பெரியம்மா” என்று வைத்துவிட்டார். மறுநாள் எல்லார் வீட்டு ஒலிபெருக்கியிலும் அவர் குரல் வந்தது. “வீட்டுக்குள் குதிப்பதையும் ஓடுவதையும் தவிர்க்கும்படி” என்று எப்போதும் படிக்கிற அதே இழுவையில், “நாலாம் மாடியில் ஒருவர் உடல்நலக் காரணத்துக்காகக் காலையும் மாலையும் சிறிது நேரம் குதிக்க வேண்டியிருப்பதால், குடியிருப்போர் பெருமனத்தோடு பொறுத்துக்கொள்ளும்படி” என்று படித்தார். ஏரான் வெட்கத்தில் அன்று கடைக்குப் பின்வழியாகப் போனாள். சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் அவள் கதவுப்பிடியில் ஒரு பை ஆப்பிள் மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

அவள் இளைத்தாள். முதலில் முகம், அப்புறம் தோள். கடை அங்கியின் நாடா இடுப்பை இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தது. அப்போதுதான் ஒரு நாள் மேலே சத்தம் நின்றது.

காலையில் இல்லை. கடைக்கும் போகவில்லை. மத்தியானம் ஆயிற்று. தண்ணீர்க் குழாய்ச் சத்தம்கூட இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைப்பத்தை எடுத்துக் கட்டையால் மேல்தளத்தை இடித்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை. ஊரில் எல்லாரும் சத்தம் நிற்கட்டும் என்று இடிப்பார்கள். நான் சத்தம் வரட்டும் என்று இடித்தேன். சுண்ணாம்பு உதிர்ந்து தலையில் விழுந்தது.

பதறிப்போய் இறங்கி வந்தாள். “ஐயோ, மன்னிச்சுக்கங்க, நான் நடக்கக்கூட இல்லையே!”

“அதத்தான் கேக்கறேன். ஏன் நடக்கல?”

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதட்டோரம் சிவப்பாக ஒட்டியிருந்தது. “ரெண்டு பாக்கெட் நூடுல்ஸ் தின்னேன், பெரியம்மா. முட்ட போட்டு. மிச்சக் கொழம்புல சோத்தப் போட்டு அதையும் தின்னேன்.”

“தின்னா தின்னுட்டுப் போ. என்ன ஆச்சு?”

“அவ வேணாங்கறா.”

அக்காக்காரி காலையில் போன் பண்ணியிருக்கிறாள். என்ன சொன்னாள் என்பதை அவள் குரலிலேயே ஏரான் சொல்லிக் காட்டினாள். “சொந்தக் கல்யாணத்துக்கே எளைக்காதவ, எனக்காக எளைக்கப் போறியா? ஒன் கொழுத்த ஈரல வெச்சு நான் என்ன, வறுத்தா திங்கப் போறேன்? ஆஸ்பத்திரில பேரக் குடுத்து வெச்சிருக்கேன், யாருதாவது வரும். நீ போய் உப்புப் பாரு.” இப்படிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். அதன்பின் போனை எடுக்கவில்லை. டாக்டரிடமும் தங்கையுடையது வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். வாங்கிக்கொள்கிறவள் மாட்டேன் என்றால் யாரும் வெட்டமாட்டார்கள்.

“அவ பயப்படறாடி” என்றேன்.

“தெரியும். எனக்குத் தெரியாதா அவள? ஒனக்கு ஏதாவது ஆயிருமோன்னு சொல்ல வாய் வராது, பீப்பாய்ம்பா.” சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள். “ஆனா அவ வேணாங்கறப்ப நான் யாருக்காகக் குதிக்கறது? எனக்காகக் குதிச்சு நான் என்னைக்கு எளைச்சிருக்கேன்?”

பதில் தெரியாதபோது சத்தமாகப் பேசுவது என் வழக்கம். “அப்ப எனக்காகக் குதி” என்றேன். “மேல சத்தம் இல்லன்னா எனக்குப் பொழுது விடிய மாட்டேங்குது. ஒங்க அக்கா வேணாம்னு சொல்றது அவ பாடு. அவ சரின்னு சொல்ற அன்னைக்கு ஒன் ஈரல் தயாரா இருக்கணுமா இல்லையா? அன்னைக்குப் போய், இருங்க எளைச்சுட்டு வர்றேம்பியா?”

என்னையே பார்த்தாள். “இப்பக் குதிச்சா நூடுல்ஸ் வெளிய வந்துரும், பெரியம்மா.”

“அப்ப நட.”

இருவரும் மேட்டுப்படியில் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கினோம். என் முட்டி என்னைத் திட்டியது. பாதியில் நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் போய்க்கொண்டே இருந்தாள். கீழே துறைமுகத்தில் கப்பல்கள் நின்றன. ஒவ்வொரு தடவை என்னைக் கடக்கும்போதும் எதையோ முணுமுணுத்துத் திட்டினாள். அக்காவையா, ஒல்லிப்பெண்ணையா, என்னையா, தெரியவில்லை. மறுநாள் விளக்கு ஆடியது.

குளிர் தொடங்கியதும் மறுபடி ஈரலைப் படம் பிடித்தார்கள். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்து, இது ஒரே ஆளுடையதா என்று கேட்டாராம். ஏரான் அந்த இரண்டு படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு நேராக மீன் சந்தைக்குப் போயிருக்கிறாள். அக்காக்காரி வேலையை விட்டுவிட்டிருந்தாலும், கண் மஞ்சளாய், கால் வீங்கி, பழைய இடத்திலேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து மற்றவர்களை அதட்டிக்கொண்டிருந்தாளாம். படத்தை அவள் மடியில் வைத்துவிட்டு ஏரான் வந்துவிட்டாள். அக்காக்காரி அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாளாம், பக்கத்துக் கடைக்காரி சொன்னாள். சாயங்காலம் போன் வந்தது. “மூஞ்சி ஏண்டி வத்தின சொரக்கா மாதிரி ஆயிடுச்சு? ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா?” அதுதான் சம்மதம்.

இந்தத் திங்கட்கிழமை இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது. சேர்ந்தே போகலாம் என்று அக்காக்காரி முந்தின நாளே வந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து நாலு மாடி ஏறினாள். காலையில் டாக்சி கீழே வந்து நின்றது. ஏரான் பையைத் தூக்கிக்கொண்டாள், நான் வெந்நீர்ப் புட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அக்காக்காரி கைப்பிடியைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன்.

“நான் வரல” என்றாள்.

கீழே டாக்சிக்காரன் ஒரு தடவை ஒலி எழுப்பினான்.

“ஒன் வயித்தக் கிழிச்சு, நான் எந்திரிச்சு நடந்து... நாளைக்கு ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ஒன் புருஷன் கடல்லேருந்து வந்து கேட்டா, நான் எந்த மூஞ்சிய வெச்சுகிட்டுடி பேசுவேன்? திரும்பிப் போயிரலாம். போதும். எளைச்சியே, அதுவே போதும்.” அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. கைப்பிடிக் கம்பியை மட்டும் விடவே இல்லை.

கைபேசியில் வருகிறவளோடுகூடச் சண்டை போடுகிற ஏரான் ஒரு வார்த்தை பேசவில்லை. பையைச் சுவரோரம் வைத்தாள். அக்காவுக்கு ஒரு படி கீழே இறங்கினாள். முதுகைக் காட்டித் திரும்பிக் குந்தினாள். இரண்டு கையையும் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டாள்.

“எந்திரிடி. ரெண்டு பேரும் உருளப் போறோம்” என்றாள் அக்காக்காரி.

விரித்த விரல்கள் இரண்டு தடவை, வா வா என்று அசைந்தன.

“பெரியம்மா பாக்கறாங்க. வெக்கமா இல்ல?” என்று தங்கையின் முதுகில் ஒரு அடி வைத்தாள். சத்தம் வந்தது, வலித்திருக்காது. ஏரான் அசையவில்லை.

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடல் தெரிந்தது. பின்னால் துணி உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பியபோது கம்பியில் கை இல்லை. அக்காவின் வீங்கிய கால்கள் தங்கையின் இடுப்புக்கு இரண்டு பக்கமும் தொங்கின. ஏரான் எதையும் பிடிக்காமல், மூச்சை ஒரு தரம் விட்டு, தொடையை ஊன்றி நிமிர்ந்தாள். நிமிர்ந்ததும் உடனே படி இறங்கவில்லை. இடுப்பை ஒரு எக்கு எக்கி, சரிந்திருந்த அக்காவை மேலே ஏற்றித் தன் முதுகில் சரியாக உட்காரவைத்துக்கொண்டாள்.